கடலுக்கு மேலே ஒரு கோடு

வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டுகிற பலருக்கு மேலே கிளம்புவதில்தான் ஆசை. எனக்கு வழி போடுவதில்தான் ருசி. திரையில் வரைபடத்தை விரித்து, புறப்படும் ஊரில் ஒரு புள்ளி, சேரும் ஊரில் ஒரு புள்ளி வைத்தால் நடுவே கோடு விழும். மவுஸால் அதைப் பிடித்து இழுத்து மலையைச் சுற்ற வைக்கலாம், காற்றுக்குத் தக்கபடி வளைக்கலாம். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று ஓரத்தில் அதுவே காட்டிவிடும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு நேரம் போனது தெரியவில்லை என்று வாக்குமூலத்தில் நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது.

அண்ணன் எலெக்ட்ரீஷியன். ஏணியிலிருந்து விழுந்த பிறகு கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. தொண்டையில் குழாய். அதில் சளி அடைக்கும். சின்ன மெஷின் வைத்து அடிக்கடி உறிஞ்சி எடுக்க வேண்டும், இல்லையென்றால் மூச்சு நின்றுவிடும். அண்ணி ஒரு பல் மருத்துவரிடம் வேலைக்குப் போகிறவர். பகலில் அண்ணன் என் பொறுப்பு.

அதனால் என் வழிகள் எல்லாம் துண்டு துண்டாகத்தான் இருக்கும். கொஞ்ச தூரத்துக்கு ஒரு விமான நிலையம் வருகிற மாதிரி கோட்டை இழுத்துக்கொள்வேன். இறங்குவேன், முன்னறைக்குப் போவேன், குழாயைச் சுத்தம் செய்வேன், அண்ணனைப் புரட்டிப் படுக்க வைப்பேன். குரல் போய்விட்டதால் அவர் உதட்டை மட்டும் அசைப்பார். நான் படித்துக்கொள்வேன்.

"இப்ப எங்கடா இறங்கியிருக்கே?"

"மலையடிவாரத்துல, அண்ணா. ஓடுபாதை நம்ம சந்து அகலம்தான்."

"பாத்துடா. பக்கத்து வீட்டு ஸ்கூட்டரை இடிச்சுடாதே."

சத்தமில்லாமல் சிரிப்பார். சிரித்தால் சளி ஏறும். மறுபடியும் மெஷின்.

அவர் விழுந்ததிலிருந்து நான் கடலைத் தாண்டியதில்லை. கடலில் இறங்க ஏது இடம்? இதை யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. அண்ணிதான் ஒருமுறை கேட்டார்.

"அலுப்பா இருந்தா சொல்லுங்க தம்பி, பகலுக்கு ஒரு ஆள் போட்டுக்கலாம்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணி."

பொய் சொல்லவில்லை. அலுப்பு என்பதும் ஓர் உணர்ச்சிதானே. எனக்கு எதுவும் தோன்றுவதில்லை.

அன்று அண்ணி வேலைக்குக் கிளம்பியதும் வழி போட்டேன். இந்தக் கரையில் ஒரு புள்ளி, அந்தக் கரையில் ஒரு புள்ளி. கோடு நீலத்தில் நேராக விழுந்தது. நடுவே ஒரு தீவு இருந்தது, அதில் ஓடுபாதையும் இருந்தது. பழக்கதோஷத்தில் கோட்டை அந்தப் பக்கம் இழுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். ஓரத்தில் ஐந்து மணி நேரம் என்று காட்டியது.

போய் அண்ணனின் குழாயைச் சுத்தம் செய்தேன். போர்வையை இழுத்துவிட்டேன்.

"இன்னைக்கு எங்கடா?"

"கடலுக்கு மேல, அண்ணா."

"எங்க இறங்குவே?"

முன்னறைக் கதவையும் என் அறைக் கதவையும் சாத்திவிட்டு வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அவர் தலையணையோரம், கன்னத்தால் அழுத்துகிற மணி ஒன்று உண்டு. கரை மறைந்த பிறகு அது அடித்தது. எஞ்சின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அப்புறமும் அடித்திருக்கும்; எனக்குக் கேட்கவில்லை. கீழே தண்ணீர் மட்டும்தான். அக்கரையில் பூப்போல இறக்கினேன். பிறகு எழுந்து போய்ப் பார்த்தேன். போர்வை கலையாமல் இருந்தது.

அண்ணி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நீங்கள்தான் கேட்டீர்கள், நடுவில் நிறுத்தி வைக்கிற பட்டன் அந்த விமான விளையாட்டில் இல்லையா என்று. இருக்கிறது. அழுத்தினால் விமானம் அப்படியே வானத்தில் நிற்கும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். நான் ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை. பின்னால் பயணிகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்து ஓட்டுகிறவன் நான். என்னை நம்பி ஏறியவர்களை நடுவானில் விட்டுவிட்டு எழுந்து போக எனக்கு மனசு வராது.