வால்சக்கரத்தின் பழைய தகடுகள்

என் பெயர் நாகேந்திரம். வெள்ளவத்தையில் வசிக்கிறேன். திருநீறு பூசாமல் தேநீர் அருந்துவதில்லை. கழற்றிய ஆணியைத் துடைக்காமல் கீழே வைப்பதுமில்லை. இரத்மலானையில் சிறிய விமானங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில்.

மகள் அருந்ததியும் அவள் கணவன் தனஞ்சயனும் என்னோடுதான் இருந்தனர். அவன் எங்கள் பறப்புக் கழகத்தின் விமானி. மாலைதீவில் வேலை கிடைத்து இருவரும் புறப்படவிருந்தனர். தாயில்லாப் பிள்ளையைக் கடல் நடுவே யார் பார்ப்பார் என்பதே என் கவலை.

அவ்வேளையில், தனஞ்சயன் ஓட்டவிருந்த இரண்டு இருக்கை விமானமொன்றின் வால்சக்கரத்தைத் தாங்கும் வில்லுத் தகடுகள் தேய்ந்து வளைவிழந்திருந்தன. ஒன்றில் மயிரிழை போன்ற வெடிப்பும் இருந்தது. புதியவை வந்திருந்தன. நான் பழையவற்றையே தேய்த்து, கறுப்புப் பெயின்ட் பூசி மீண்டும் பூட்டினேன். தரையிறங்குகையில் விமானம் சுழலும். ஒரு சிறகு உராயும். விபத்துக்குள்ளான விமானியை மாலைதீவார் விரும்பார். நான் எண்ணியது அவ்வளவே.

பழுதுபார்த்தவன் முதற் பறப்பில் பின்னிருக்கையில் அமர்வது எங்கள் வழக்கம். அவன் தன் வேலையை நம்புகிறான் என்பதற்கு அதுவே சான்று. அன்று ஆடி அமாவாசை. தந்தையார்க்குரிய விரதம், தலை சுற்றுகிறது என்றேன். கழகத்தாரிடம் விடைபெற வந்திருந்த அருந்ததி சிரித்தாள்.

"அப்பாவுக்குப் பயம் வந்திட்டுது போல. நான் ஏறுறன். அப்பான்ரை வேலையில எனக்கு நம்பிக்கை இருக்கு."

"ஓமெண்டு சொல்லுங்கோ மாமா. பிறகு என்னை ஏசக்கூடாது," என்றான் தனஞ்சயன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் பிள்ளைக்கு என்மீதிருந்த நம்பிக்கையைக் குலைக்க மனம் வரவில்லை. "ஓம், போயிட்டு வா," என்றேன். அவளுடைய இருக்கைப் பட்டியை நானே இறுக்கிவிட்டேன்.

இறங்கும்போது தகடு முறிந்தது. விமானம் ஓடுபாதையை விட்டு விலகி, வடிகாலில் தலைகீழாகக் கவிழ்ந்தது. பின்னிருக்கை நசுங்கிப்போயிற்று. முறிந்த துண்டுகளைச் சேற்றிலிருந்து நானே பொறுக்கினேன். விசாரிக்க வந்தவர் எவர் கையிலும் அவை சேரவில்லை.

தனஞ்சயன் உயிர் தப்பினான். தான் பிழையாக இறக்கியதால்தான் அவள் இறந்தாள் என்று நம்புகிறான். சோற்றின் முன் அமர்ந்து அழுவான். "உங்கடை பிழையெண்டு நான் ஒருக்காலும் சொல்லமாட்டன், தம்பி," என்று தேற்றுவேன்.

மாலைதீவிலிருந்து அவனை மீண்டும் அழைத்திருக்கின்றனர். விபத்தை அவர்கள் பொருட்படுத்தவில்லையாம். இந்த மனநிலையில் அவன் தனியே போவது நல்லதன்று. அவனை எங்கும் அனுப்புவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன்.