மறுபடியும் கூப்பிடுவார்கள்

ஈக்காட்டுத்தாங்கலில் நல்ல காபி கிடைப்பது கஷ்டம். அதனால் மயிலாப்பூரிலிருந்தே ஃப்ளாஸ்கில் போட்டு எடுத்துக்கொண்டு போவேன், நாலைந்து பேருக்குச் சேர்த்து. இதையும் எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர்.

என் தொழில் தரப் பயிற்சி. தொழிற்சாலைகளில் பழுது எங்கிருந்து வருகிறது, எப்படி வராமல் தடுப்பது என்று வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லித்தருவேன். முதல் வகுப்பில் எல்லா இடத்திலும் ஒன்றைத்தான் சொல்வேன். தவறு நடந்தால் யார் என்று கேட்காதீர்கள், ஏன் என்று கேளுங்கள். வருகிற பதிலுக்கும் ஏன் என்று கேளுங்கள்.

ஈக்காட்டுத்தாங்கலில் அனிருத் நடத்தும் தொழிற்சாலையில் தகட்டை அழுத்தி டப்பா மூடிகள் செய்கிறார்கள். அங்கே லூர்துசாமி பெரிய பிரஸ் மெஷினில் இருந்தார். நொச்சிக்குப்பத்துக்காரர். ஒரு நாள் காபியை வாங்கிக்கொண்டு, "நீங்க வர்ற அன்னிக்குத்தான் மேடம் இந்த எடமே கலகலன்னு கீது" என்றார். எல்லோரிடமும் அப்படிச் சொல்கிறவராக இருக்கலாம். நான் பஸ்ஸில் வரும்போதும், வீட்டுக்கு வந்து விளக்குப் போட்ட பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கணவர் வெங்கடரமணன் போன பிறகு வீட்டில் பேச்சு இல்லை. மகள் ஷ்ரேயா டப்ளினில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள், போனைச் சமையல் மேடையில் வைத்துவிட்டுக் காய் நறுக்குவாள். கத்திச் சத்தம்தான் அதிகம் கேட்கும். குறையாகச் சொல்லவில்லை. மற்றபடி கதவைத் தட்டுவது பார்சல்காரர்கள், அதுவும் பெரும்பாலும் எதிர் ஃப்ளாட்டுக்கு.

பயிற்சி முடிந்த அன்று சால்வை போட்டார்கள். "இனிமே நாங்களே பாத்துக்குவோம் மேடம், நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றார் அனிருத். ஒரு பயிற்சியாளருக்கு இதைவிடப் பெரிய பாராட்டுக் கிடையாது. அது எனக்கும் தெரியும்.

கொஞ்ச நாள் கழித்து, சும்மா பார்க்க வந்ததாகச் சொல்லிப் போனேன். இரண்டு அளவு மூடிகளை ஒரே பெட்டியில் கலந்து வைத்துவிட்டு வந்தேன். வாங்கினவர்கள் திருப்பி அனுப்பினார்கள். அனிருத் என்னைக் கூப்பிட்டார். மறுபடி வகுப்பு, மறுபடி காபி. அடுத்த முறை கலந்தபோது அவர்களே கண்டுபிடித்து, அவர்களே சரிசெய்துகொண்டார்கள். எனக்குச் சொல்லக்கூட இல்லை. அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அதனால் கொஞ்சம் பெரிதாக ஒன்று தேவைப்பட்டது.

பிரஸ்ஸில் ஒரு சென்சார் உண்டு. கை உள்ளே இருந்தால் பிரஸ் இறங்காது. பழுதுபார்க்கும்போது அதை நிறுத்தி வைக்க ஒரு சாவி இருக்கிறது. அது மெக்கானிக் செபஸ்தியான் பொறுப்பு. சாப்பாட்டுக்குப் போகும்போது பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் நான் சாவியைப் போட்டுத் திருப்பிவிட்டு, மறுபடி ஆணியில் மாட்டினேன்.

யாருக்கும் அடிபட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்ததும் ஒரு கட்டையை உள்ளே நீட்டி, சென்சார் வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டும். நான் கற்றுக்கொடுத்ததுதான். சோதித்தால் தெரிந்துவிடும், பயந்துபோவார்கள், என்னைக் கூப்பிடுவார்கள். லூர்துசாமி அன்று சோதிக்கவில்லை. அவர் மேல் தப்பில்லை என்று சொல்ல முடியாது. மணி அடித்த பிறகும் அவருக்குக் காபி ஊற்றிக் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தேன் என்பது உண்மைதான். "லேட்டாயிடுச்சி மேடம்" என்று டம்ளரை வைத்துவிட்டு ஓடினார். நான் வாசலைத் தாண்டுவதற்குள் அலறல் கேட்டது. வலது கை, மணிக்கட்டுக்கு மேலே.

அனிருத் அழுதுகொண்டே கேட்டார். "மேடம், இது ஏன் நடந்துச்சுன்னு நீங்கதான் கண்டுபிடிச்சுத் தரணும்."

தினமும் கூட்டம் நடத்தினேன். எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சென்சார் ஏன் வேலை செய்யவில்லை? நிறுத்தி வைத்திருந்தது. ஏன் அப்படியே விடப்பட்டது? சாவி ஏன் ஆணியில் இருந்தது? செபஸ்தியான் எழுந்து நின்றார். "நான் அத்த தொடவே இல்ல மேடம். இங்க எடுக்கற ஆளு யாரு கீறாங்க, சொல்லுங்க" என்றார். எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் என்று கேட்கக் கூடாது என்று பழகியிருந்தார்கள். போர்டில் அவர் பெயரை நான்தான் எழுதினேன். அன்றே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

பிறகு பிரஸ் இருந்த பிரிவையே மூடிவிட்டார்கள். கூட்டமும் நின்றுபோயிற்று. நான் நானாகத்தான் இங்கே வந்தேன், செபஸ்தியானுக்காக. அப்படியே எழுதுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு மட்டும் விடாமல் போய்க்கொண்டிருந்தேன். லூர்துசாமியின் மனைவி ஜெசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒருத்தர்தான் மேடம் டெய்லி வந்து பாக்குறீங்க" என்றாள். அவர் இனி எல்லாவற்றையும் இடது கையால் செய்யப் பழக வேண்டும், சட்டைப் பொத்தான் போடுவதிலிருந்து. ஆரம்பத்தில் எரிச்சல் வரும், எதையாவது தூக்கி எறியத் தோன்றும். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும். நான் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். என்னை எப்போது அனுப்புவீர்கள் என்று தெரிந்தால் நல்லது. பாவம், காத்துக்கொண்டிருப்பார்கள்.