ஒரு சுற்றுக்கு அரை அலை

எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் எங்கள் பேருந்து நகரவே இல்லை. முன் சீட்டில் இரண்டு பேர். கண்ணாடி போட்டவர் செல்போனில், கேபிள் நீளத்தைக் கணக்கிட வட்டத்துக்குள் வட்டமாக வரைந்த ஒரு படத்தைக் காட்டி, "ஸ்மித் சார்ட்டுல முழுசா ஒரு சுத்து சுத்துனா அரை அலைநீளந்தான் மாமு" என்றார். அதைக் கேட்டுத்தான் நான் ஜன்னலிலிருந்து திரும்பினேன்.

"சுத்து முழுசு, அலை மட்டும் எப்டிடா அரை?" என்றார் மடியில் கேபிள் சுருள் வைத்திருந்தவர்.

"அலை கேபிள்ல போயி, முட்டிகினு திரும்பி வருது. போறது வர்றது ரெண்டையும் சேத்துதான் அந்த வட்டம். கால் அலைக்கு அரை சுத்து போணும்."

"நான் கால் சுத்துதான போனேன். அண்ணனோட மீன்புடி லாஞ்சு வயர்லெஸ்ஸுக்கு அத்த வெச்சுதான் ஆண்டெனா கேபிள் வெட்னேன்."

"அப்போ பாதி நீளந்தான் வெட்டிக்கிற."

"கடல்லேந்து தெனம் கூப்ட்டேன், கரையில ஒருத்தனும் எடுக்கலன்னு அண்ணன் சொன்னான்டா. நைனா செத்து, பொணத்த எடுத்தப்பறம்தான் வந்து சேந்தான். செட்ட அணைச்சி வெச்சிகினு பொய் சொல்றான்னு அத்தினி பேரு முன்னாடி கத்திட்டேன். அதோட எங்க வூட்டு பக்கமே வர்றதில்ல."

"வுடு மாமு, புச்சா வெட்டிக்கலாம். அதான் கேபிள் கீதே."

பேருந்து கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றது.

"டேய், அவன் கூப்ட்டதெல்லாம் எங்கடா போச்சு?"

"ஆண்டெனா வரைக்கும் போயி, பாதிக்கு மேல அவன்கிட்டயேதான் திரும்பி வந்திருக்கும்."