பதட்டக்காரியின் சைக்கிள்

— அந்த ஸ்பேனரை இப்படிக் குடுண்ணா. நீ கையில வெச்சுக்கிட்டு நின்னா நான் விட்டுடுவேனா?

— குடுக்க மாட்டேன். நான் எதுக்குச் சொல்றேன்னா...

— நீ எதுக்குச் சொல்றேன்னு வீட்டுக்கே தெரியும். குடு. சீட்டு இன்னும் தாழ்ந்து கெடக்கு.

— முப்பத்தெட்டு வயசுல சைக்கிளாம் சைக்கிள்! அம்மா ஜன்னல் வழியா பார்த்துட்டு அழுதுக்கிட்டே போய்ப் படுத்துட்டாங்க.

— அழுது முடிக்கட்டும். நாளைக்குக் காலையில பத்து மணிக்குத் தபால் ஆபீஸ்ல நான் ஓட்டிக் காட்டணும். முதுகுல பை, அஞ்சு கிலோமீட்டர், நடுவுல எறங்கக் கூடாது. எறங்கினா வேலை அடுத்த ஆளுக்கு.

— இப்ப வேலை இல்லாமயா இருக்கே? வீட்டுலயே கவர் ஒட்டுறியே, நிழல்ல உக்காந்து.

— பதினஞ்சு வருஷமா ஒட்டியாச்சு. இனிமே கொண்டு போய்க் குடுக்கப் போறேன். சீட்டை ஏத்தியாச்சு. சைக்கிளைச் சாயாமப் பிடி, ஏறி உக்காரணும்.

— பார்த்து, பார்த்து!

— பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். சீட்டுல உக்காந்து குதிகாலைப் பெடல் மேல வெச்சா கால் நேரா நிக்கணும். குனிஞ்சு பாரு, வலது கால் நிக்குதா?

— நிக்குது. இடது கால்தான் எட்டாதே பாப்பா. அன்னிக்கு விழுந்ததுல அது ரெண்டு விரக்கடை குட்டையாயிடுச்சே.

— எட்டுது, நல்லாப் பாரு. பெடல் மேல பலகை வெச்சு போல்ட் போட்டிருக்கேன். சைக்கிள் கடைக்காரர் முடியவே முடியாதுன்னு கையை விரிச்சுட்டார். நானே நாலு ஓட்டை போட்டேன்.

— நீயா? டிரில் மிஷின் வெச்சா? விரலெல்லாம் இருக்கா?

— பத்தும் இருக்கு, எண்ணிக்கோ. டயர்ல காத்து பார்த்தாச்சு. செயினுக்கு எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துணியால துடைச்சாச்சு. ஷூ லேஸ் முடிச்சை உள்ள சொருகியாச்சு. ஹெல்மெட் வாருக்கும் தாடைக்கும் நடுவுல ரெண்டு விரல் போகுது, அதுவும் சரி. பெல் அடிச்சா எதிர்வீட்டு நாய் எழுந்து நிக்குது. இன்னும் என்ன குறை கண்டுபிடிக்கப் போறே?

— பிரேக்கு?

— வந்ததுல இருந்து இது நாலாவது தடவை அமுக்கிப் பார்க்குறே. ரெண்டு சக்கரத்துக்கும் புது பிரேக் கட்டை.

— இல்ல, நான் எதுக்குச் சொல்றேன்னா...

— பதட்டக்காரி பிடிக்க மறந்துடுவான்னு. வாயைத் திறந்து சொல்லேன். பதினாறு வயசுல மேட்டு ரோட்டுல பிரேக் பிடிக்காம வந்து சுவத்துல மோதினவளுக்கு இந்த வீட்டுல வேற பேரே கெடையாதே. பதட்டக்காரி கையில கண்ணாடி டம்ளரைக் குடுக்காதீங்க. பதட்டக்காரியைத் தனியா பஸ்ல அனுப்பாதீங்க. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு.

— நாளைக்கு எந்த வழியா ஓட்டணும்?

— மேட்டு ரோடு வழியா.

— அதே மேடா?

— அதே மேடுதான்.

— சரி, ஏறிடுவே. எறங்குறப்போ?

— வந்து... நேத்து போய்ப் பார்த்தேண்ணா. உச்சி வரைக்கும் நிக்காம ஏறிட்டேன். அந்த எறக்கத்தைப் பார்த்ததும் கை வெறச்சுப் போச்சு. கீழ எறங்கித் தள்ளிக்கிட்டு வந்துட்டேன்.

— அப்போ நாளைக்கு மட்டும் என்ன பண்ணப் போறே?

— தெரியல. அன்னிக்கு நான் பிடிச்ச மாதிரிதான் ஞாபகம். முழு பலத்தோட பிடிச்சேன். ஆனா அப்பா சைக்கிளைப் பார்த்தப்போ பிரேக் நல்லாத்தானே இருந்துச்சு? அப்போ என் கைதானே பொய் சொல்லுது? இந்தக் கையை நம்பி எப்படிண்ணா எறங்குவேன்?

— அதைத்தானே நானும்... விட்டுடு பாப்பா. கவரே ஒட்டு.

— விட்டுடட்டுமா?

— விட்டுடு.

— இந்தா, ஸ்பேனரை உள்ள வெச்சுடு. நீங்க எல்லாரும் சொன்னதுதான் சரி போல. ஏண்ணா, இன்னும் ஏன் மரம் மாதிரி நிக்கிறே? ஜெயிச்சுட்டே இல்ல, போய் அம்மாகிட்ட சொல்லு.

— பிடிச்சே.

— என்னது?

— நீ பிரேக் பிடிச்சே பாப்பா. உன் கை பொய் சொல்லல. அன்னிக்கு உன் சைக்கிள்ல பிரேக் கட்டையே இல்ல. நான்தான் கழட்டினேன்.

— என்னண்ணா சொல்றே?

— அன்னிக்கு மத்தியானம் எனக்கு ஸ்கூல்ல சைக்கிள் ரேஸ். என் கட்டை தேஞ்சு போச்சு. உன்னோடதைக் கழட்டி என் சைக்கிள்ல மாட்டிட்டேன். சாயங்காலம் திரும்பப் போட்டுடலாம்னு இருந்தேன். நான் போனப்புறம் அம்மா உன்னை மருந்துக் கடைக்கு அனுப்புவாங்கன்னு யாரு கண்டா?

— அப்பா பார்த்தப்போ இருந்துச்சே!

— கப்பை வாங்கிக்கிட்டு வந்தேன், வீடு பூட்டியிருந்துச்சு. உன் சைக்கிளை யாரோ வாசல்ல கொண்டு வந்து போட்டிருந்தாங்க. அப்பா ஆஸ்பத்திரியில இருந்து வர்றதுக்குள்ள கட்டையை மாட்டிட்டேன். சொல்லிடலாம்னுதான் இருந்தேன். அப்பா முகத்தைப் பார்த்ததும் வாய் வரல. அப்புறம் வரவே இல்ல.

— ஹால் அலமாரியில இருக்கே, அந்தக் கப்பு. அதை வாரா வாரம் துடைச்சு வெக்கிறது யாருன்னு தெரியுமா?

— தெரியும்.

— இருபத்திரண்டு வருஷம்டா!

— என்னை அடி பாப்பா. என்ன வேணா திட்டு.

— திட்டுறதுக்கு ஆயுசு இருக்கு, ஓட்டிப் பார்க்கத்தான் வெளிச்சம் போயிட்டிருக்கு. ஸ்பேனரை எடு. சீட்டை நல்லா முடுக்கு. இன்னும் ஒரு சுத்து.

— எங்க கிளம்புறே?

— மேட்டு ரோட்டுக்கு. நீயும் வர்றே.

— பின்னாடியே ஓடி வரட்டுமா?

— வேண்டாம். எறக்கம் முடியுற இடத்துல, அந்தச் சுவத்துக்கு முன்னாடி போய் நில்லு. நான் உச்சியில இருந்து வர்றேன். உனக்கு ஒரு முழம் முன்னாடி நிறுத்துறேன்.

— பாப்பா, ஒரு முழம்தானா? ரெண்டு முழம் முன்னாடி நிறுத்தக் கூடாதா?

— பிரேக்கை நான் பிடிச்சுக்கிறேன். நீ பதட்டப்படாம நில்லு.