வேனின் பின்பக்கத்து ஸ்பிரிங்

காரைக்காலிலிருந்து நாகூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“ஸ்பிரிங் ஒடஞ்சதாலதான் மச்சான், மவுத்தான அத்தா முகத்தக்கூட பாக்க முடியல.”

“எங்க ஒடஞ்சிச்சு?”

“துபாய்லேர்ந்து திருச்சில எறங்கி, நம்ம வேன்ல வர்றோம். திருவாரூர்கிட்ட பின்பக்கத்து ஸ்பிரிங் போயிருச்சு. வேற வண்டி புடிச்சு வர்றதுக்குள்ள அடக்கம் முடிஞ்சிருச்சு.”

“கூப்புட எத்தன பேரு வந்தாங்க?”

“எப்பவும் போல எட்டு பேரு. நான் வந்தா வீடே வந்து நிக்கணும் அத்தாவுக்கு. அந்தப் பழக்கத்துல கெளம்பிட்டாங்க.”

“அத்தன பேரையும் பின்னாடியேவா ஏத்துனீங்க?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“முன் சீட்டுல எப்பவும் அத்தாதான் உக்காருவாங்க. அன்னைக்கு அதுல உக்கார யாருக்கும் மனசு வரல. அதக் காலியா விட்டுட்டு எல்லாரும் பின்னாடியே நெருக்கிக்கிட்டோம்.”