மூன்றாவது வாளி அமிலம்

மாலை ஐந்து மணி. தை மாதம். ஸ்காபரோவின் மோர்னிங்சைட் வீதியில் அந்நேரமே கும்மிருட்டு... பனி உருக உப்புத் தூவிய தெருவில் ஒரேயொரு கார் போய்க்கொண்டிருந்தது. சில்லுக்கடியில் உப்பு நெரிபடும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

கிட்ட வந்து இருங்கள். அந்தக் கதவையும் சாத்திவிடுங்கள்.

காரில் போனவர் இரத்தினவேலர். நமது றிச்மண்ட் ஹில் வாகீசனின் மைத்துனர். நல்ல குடும்பம். பொய் சொல்லாதவர்கள் என்று பெயரெடுத்த குடும்பம். ஆயுளில் ஒரு பொய்தான் சொன்னார்கள்.

தகப்பனார் காலமானபோது அவருடைய சாம்பலை ஊருக்கு, கீரிமலைக் கடலுக்குக் கொண்டுபோய்க் கரைப்பதாக வாக்கு. போக முடியவில்லை. ஆனால் முப்பத்தோராம் நாள் விருந்தில், சபை நடுவே, மூத்தவ பேபி அக்கா எழுந்து சொன்னா: "அப்புவைக் கீரிமலையில கரைச்சாச்சு." சொன்னது சொன்னதுதான். அதற்குப் பிறகு ஒன்ராறியோ ஏரியில் கரைக்கலாமென்றால், அந்தக் கரையில் எந்நேரமும் ஏதோவொரு தமிழ்க் குடும்பம் நடந்துகொண்டிருக்கும். வீட்டுக்குள் வைத்திருக்கவும் ஆகாது. ஆகவே இரத்தினவேலர் சாம்பல் பெட்டியைத் தன் வேலைத்தலத்தில் வைத்தார்.

வேலை, ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நீச்சல் குளத்தைப் பார்ப்பது. பெட்டி இருந்தது அங்கே பம்ப் அறையில், மேல் தட்டில், அமிலக் கலன்களுக்குப் பின்னால். மூன்று வருடம்.

அந்தக் கிழமை குளம் கலங்கியது. நூறாயிரம் லீட்டர் தண்ணீரும் சுண்ணாம்பு கரைத்ததுபோல. காரம் ஏறிவிட்டது, அமிலம் ஊற்றி இறக்க வேண்டும். அன்று மாலை இரத்தினவேலர் காரில் போனது அதற்குத்தான்; மறுநாள் காலை சுகாதாரப் பரிசோதகர் வருகிறார். தண்ணீர் பிழையென்றால் பம்ப் அறையைத் தட்டுத் தட்டாகக் கிளறுவார்கள். வருகிறவரும் தமிழ்ப் பெண்பிள்ளை. பெட்டியைக் கண்டால் மூன்று வருடத்துப் பொய் ஒரே நாளில் ஸ்காபரோ முழுக்கப் போய்விடும்.

வாளியில் முதலில் தண்ணீர். பிறகுதான் அமிலம். மாற்றிச் செய்தால் முகத்துக்கே சீறும். இரத்தினவேலர் ஆழமான பக்கத்து ஓரமாக நடந்து நடந்து, நூல்போல ஊற்றினார். பம்பை ஓடவிட்டுக் காத்திருந்தார். சோதனைக் குழாயில் குளத்து நீரை எடுத்து மருந்துத் துளி விட்டுப் பார்த்தார். தோடம்பழத்தின் செம்மஞ்சள் நிறம் வந்தால் சரி.

கத்தரிப்பூ நிறம். கொஞ்சமும் இறங்கவில்லை.

கட்டடப் பொறுப்பாளன் றொய்சன் எட்டிப் பார்த்தான். "என்ன அண்ணை, எவ்வளவுக்கு வரவேணும்?"

"ஏழரை."

"ஏழரை வந்தாத்தான் சனம் அழும். நீங்கள் வரேல்லை எண்டு அழுறியள்." சிரித்தான். பிறகு மூக்கைச் சுளித்தான். "என்ன உது, அடுப்புச் சாம்பலுக்குத் தண்ணி தெளிச்ச மாதிரி மணக்குது?"

"குளோரின்."

"குளோரின் எனக்குத் தெரியாதே!" என்றபடி அவன் போய்விட்டான்.

இரண்டாவது வாளி. மறுபடி காத்திருப்பு. மறுபடி கத்தரிப்பூ நிறம்... அப்போதுதான் கவனித்தார். ஊற்றிய இடத்துக்கு நேர் கீழே, குளத்தின் அடியில், சாம்பல் நிறமாய் ஒரு நீளப் படிவு. பம்ப் இழுத்தும் கலையவில்லை. ஒருக்களித்துப் படுத்த ஆளின் நீளம்.

உடனே பம்ப் அறைக்கு ஓடினார். தண்ணீர் இனிச் சரிவராது, பெட்டியையாவது காருக்குள் ஒளித்துவிட வேண்டும் என்பதே நினைப்பு. கலன்களை விலக்கித் தூக்கினார். பாரமே இல்லை. ஒட்டிய நாடா ஒட்டியபடி. வெட்டித் திறந்தார். உள்ளே பை, முடிச்சுப் போட்டபடி. முடிச்சை அவிழ்த்தார்.

வெறுமை. பையின் உட்புறம் மட்டும் ஈரம்.

அக்காவுக்குப் போன் அடித்தார்.

"அக்கா... அப்பு பெட்டியில இல்லை. தண்ணிக்குள்ள இருக்கிறார்."

"விசர்க் கதை கதையாதை. ஆர் கரைச்சது?"

"ஒருத்தரும் கரைக்கேல்லை. அவர்தான் போயிருக்கிறார். அக்கா, நான் ரெண்டு வாளி அசிட் ஊத்திப்போட்டன். அப்புவுக்கு மேல."

மறுமுனையில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு பேபி அக்கா மெதுவாகக் கேட்டா: "நாளைக்கு, நீ சொன்ன அந்த இன்ஸ்பெக்டர் பெட்டை தண்ணியைச் சோதிச்சு, சாம்பல் எண்டு கண்டா?"

"ஆரின்ர சாம்பல் எண்டு கேப்பாள்."

"அப்ப ஊத்து."

"அக்கா..."

"குடும்பத்துக்கு மானம் இருக்கு, தம்பி. அப்புவும் இதைத்தான் சொல்லுவார். ஊத்து."

மூன்றாவது வாளியை அவர் அந்தப் படிவுக்கு நேர் மேலே நின்று ஊற்றினார். கண்ணை மூடிக்கொண்டுதான். அமிலம் தண்ணீரில் விழும் சத்தம் அவருக்குப் பழக்கம். இது அந்தச் சத்தமில்லை. "ஸ்ஸ்ஸ்..." புண்ணில் கை பட்டால் பல்லைக் கடித்து மூச்சை இழுப்போமே, அது. ஒரே ஒரு தடவை. பிறகு பம்பின் இரைச்சல் மட்டும்.

கண்ணைத் திறந்தார். குளம் கண்ணாடிபோலக் கிடந்தது. அடியில் வெள்ளை ஓடு தவிர ஒன்றுமில்லை. துளி விட்டுப் பார்த்தார். அழகான தோடம்பழ நிறம்.

காலையில் பரிசோதகர் கஜனி வந்தா. இரத்தினவேலர் குளத்துப் பக்கம் போகவில்லை. வாசலில், காசுக்கு நிற்கும் காவலாளிபோல விறைத்து நின்றார். அவ உள்ளே போய்ச் சோதித்துவிட்டுச் சிரித்த முகத்தோடு வெளியே வந்தா.

"தண்ணி திறம், அங்கிள். பாஸ். பம்ப் ரூமும் பாக்கத் தேவையில்லை."

அவருக்கு மூச்சு வந்தது. "நன்றி, பிள்ளை."

"ஆனா ஒண்டு சொல்லவேணும்." குரலைத் தாழ்த்தினா. "குளம் பூட்டியிருக்கேக்கை ஆக்களை உள்ள விடக்கூடாது. ஒரு வயசான ஐயா மரவாங்கில குந்தியிருக்கிறார். முதுகு, தோள் எல்லாம் தோல் உரிஞ்சு... பச்சை ரணம். அம்புலன்ஸுக்கு அடிக்கட்டோ எண்டு கேட்டன். வேண்டாமாம், வீட்டு விசயம் வெளியில போகக்கூடாதாம்."

இரத்தினவேலர் குளத்து மண்டபக் கதவுப் பக்கம் திரும்பினார்.

"போர்க்க ஒரு துவாய் எண்டாலும் குடுத்தன், அங்கிள். வாங்கேல்லை. மகன் வருவானாம். அவன் கையாலதான் வாங்குவாராம்."

கஜனி கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டா. வெளிக்கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கட்டடத்தில் ஆளரவமில்லை, ஓர் அசுமாத்தமும் இல்லை...

குளத்து மண்டபத்துக்குள்ளே மரவாங்கு கிரீச்சிட்டது. ஈர உடம்பொன்று மெல்ல அரக்கி நகர்ந்து, பக்கத்தில் இன்னொருவர் இருக்க இடம் விட்டது.