ஆடாமல் நின்ற எண்

உங்கள் விசாரணை அறை நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. பரவாயில்லை, ஆறு வருடம் ஆலோசனைக் கூட்டங்களில் உட்கார்ந்ததில் எனக்கு எந்த நாற்காலியும் ஒன்றுதான். நீங்கள் கேள்வி கேட்டுச் சிரமப்பட வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன்.

அழுத்தம், வெப்பம், அதிர்வு என்று அளந்து சொல்லும் கருவிகளுக்காக ஒரு ராக்கெட்டுக்குள் நாற்பது கிலோ கம்பி ஓடுகிறது. அத்தனையும் தண்டச்சுமை. அதைப் பிடுங்கிவிட்டு, கருவிகள் கம்பியில்லாமலே தகவல் அனுப்பும்படி செய்வது என் வேலை. அதற்காக மாரடித்தேன். "சிக்னல் கட்டானா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்காத அதிகாரி இல்லை.

கட்டானால் கடைசியாக வந்த எண்ணே திரையில் நிற்கும்; நிறம் மட்டும் சாம்பலாகும். அப்படித்தான் முதலில் வைத்திருந்தேன். அரை நொடி சாம்பலானாலும் ஆளாளுக்குப் பதறினார்கள். வெறுத்துப்போய் நிறம் மாறுவதை எடுத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அதன்பின் கூட்டங்கள் சீக்கிரம் முடிந்தன.

என் தங்கையின் கணவர் எங்கள் ராக்கெட் சோதனைக் கூடத்தில் ஃபிட்டர். வாயைத் திறந்தால் கிண்டல்தான். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று மத்தியானம் ராக்கெட்டின் எரிபொருள் தொட்டியில் வாயுவை ஏற்றிச் சோதித்துவிட்டு வெளியேற்றினார்கள். அழுத்தம் இறங்கிவிட்டதென்று நான் திரையைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் அவர் மூடியைக் கழற்ற வேண்டும். உள்ளே வாயு இருந்தால் மூடி குண்டு மாதிரி பாயும். திரையில் 0.3 என்றிருந்தது, அதாவது தொட்டி காலி. கடைசி இலக்கம் எப்போதும் கொஞ்சம் ஆடிக்கொண்டே இருக்கும். பதினோரு நிமிடமாக அது ஆடவில்லை.

ஹெட்போனில் கேட்டார்: "என்ன மச்சான், கழட்டலாமா? காத்துல வர்ற உங்க கணக்கு என்ன சொல்லுது?"

பக்கத்து அறையில் குழு உட்கார்ந்திருந்தது. அடுத்த ராக்கெட்டில் கம்பியை அடியோடு எடுப்பதா வேண்டாமா என்று அன்றுதான் முடிவு. எண் நின்றுவிட்டது என்று சொன்னால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பேச வேண்டும். எனக்கு அலுத்துவிட்டது.

"கழட்டுங்க மாப்ள" என்றேன்.

வால்வு கசிந்து தொட்டி மறுபடி நிரம்பிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது என்பது மட்டும் தெரியும்.

மாப்பிள்ளையின் காரியம் முடிந்த அன்று தங்கை கேட்டாள்: "உன்னைக் கேக்காம அவரு தொடவே மாட்டாரேண்ணே?"

"கேக்கலம்மா. அவசரப்பட்டுட்டாரு."

விதியை மீறினார் என்று அறிக்கை எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். அன்றிலிருந்து அந்தப் பொய்யைத் தினமும் சுமக்க வேண்டியிருக்கிறது, அதுவும் அலுப்பாக இருக்கிறது. அவர் கேட்டார். எண் செத்துக் கிடப்பது தெரிந்தே நான் கழற்றச் சொன்னேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதைக் காரணம் காட்டி மறுபடியும் கம்பியை மாட்டிவிடாதீர்கள். மாப்பிள்ளையின் உயிர் வீணாகப் போய்விடும்.